மலாக்கா வெயிலுக்கு ஒரு ஹீட்டர்

என் மாமா தனபாலன் மலாக்காவில் ஓட்டுகிற காருக்கு ஹீட்டர் மாட்டினார். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர் மெர்லிமாவே சிரித்தது. என்னால்தான் சிரிக்க முடியவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான்.

அவர் என் அக்கா ராஜம்மாவின் புருஷன். லூபோக் சீனா பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்து, பதினேழு வயதில் டிராக்டர் ஏறி, எஸ்டேட் கைமாறியதும் மெர்லிமாவுக்கு வந்தவர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். குடி கிடையாது, சூது கிடையாது. வாயும் கிடையாது. தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்கத் தெரியாது, பதிலுக்கு எதையாவது செய்து கொண்டுவந்து வைப்பார். எஸ்டேட்டில் முனியாயி அக்காவின் கோழி மேல் டிராக்டரை ஏற்றிவிட்டு, மறுநாளே அவள் வாசலில் புதுக் கோழிக்கூண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அதில் அடைக்கத்தான் கோழி இல்லை. முனியாயி அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அறுபத்து நான்காம் வருடத்து மோரிஸ் மைனர் கார் ஒன்று. அதில் ஏர்கோன் கிடையாது. இந்த ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்று முன்பு வைத்திருந்தவர் ஹீட்டர் பெட்டியையும் அதன் ரப்பர் ஹோஸ்களையும் கழற்றி எஞ்சின் பக்கத்து ஓட்டைகளை அடைத்துவிட்டார். வெயிலில் பிரச்சினை இல்லை. மழையில் ஜன்னலை ஏற்றினால் முன்கண்ணாடி முழுக்கப் புகைபோல் மூடிக்கொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு மழையில், ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அக்கா மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள். மனிதர் நிறுத்தவில்லை. கார் ரோட்டோர லோங்காங்கில் இறங்கியது. கால்வாயில் தண்ணீர் குறைவாக இருந்ததால் அக்காவின் மணிக்கட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்வரை பக்கத்திலேயே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

"இனிமே கண்ணாடி தெரியற காடியில கூப்பிடுங்க, வரேன்" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. ஒரே கல்யாணத்துக்கு அவர் காரில் தனியாகப் போவார், பட்டுச்சேலையோடு அக்கா என் மோட்டார் சைக்கிளின் பின்னால் வருவாள். ஊர் பார்க்கும். எனக்கு மானம் போகும். அவருக்கு உள்ளே என்ன போயிற்றோ, யாருக்குத் தெரியும்? ஹீட்டரின் சூடான காற்று பட்டால் கண்ணாடி தெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே ஹீட்டர் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டார். அதை எஞ்சினோடு இணைக்க இரண்டு ஹோஸ் வேண்டும். வாங்கிவர என்னை அனுப்பினார்.

ஹார்ட்வேர் கடையில் "ஹீட்டர் ஹோஸ்" என்றேன். கடைக்காரர் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நானும் சந்தோஷமாகக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினேன்.

"மச்சான், இது குளிக்கிற ஹீட்டருக்கு உள்ளது லா!"

எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் ஹீட்டர் இருக்கிற ஒரே இடம் பாத்ரூம்தான். மறுபடி தெங்கேரா வரை போய், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கறுப்பு ரப்பர் ஹோஸ் வாங்கிவந்தேன்.

எஞ்சின் பக்கம் அவர், காருக்குள் நான். எஞ்சினிலிருந்து வரும் இரண்டு ஹோஸ்களின் நுனியிலும் டேப் ஒட்டி, ஒன்றில் எம், மற்றதில் கே என்று இங்கிலீஷில் எழுதி உள்ளே தள்ளினார். ஹீட்டர் பெட்டியில் மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். பழைய குழாய், புது ரப்பர், ஏறவே ஏறாது. சோப்புத் தண்ணீர் தடவி, விரல் தோலை உரித்துக்கொண்டு எம்மை மேலேயும் கேயைக் கீழேயும் ஏற்றிக் கிளிப்பை முறுக்கினேன். எஞ்சினை ஓட்டினோம். டேஷ்போர்டுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. வந்த காற்றில் சூடே இல்லை.

ஹீட்டர் பெட்டி அடைத்திருக்கிறது என்று அடுத்த ஞாயிறு கழற்றிக் கழுவினார். மாட்டினோம், சூடு வரவில்லை. எஞ்சின் பக்கத்து வால்வை மாற்றினார். அதற்கும் வரவில்லை. நான்காவது வாரம் ரேடியேட்டர் தண்ணீர் மொத்தத்தையும் இறக்கி ஏற்றினார். களக் களக் மட்டும் குறையவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நானேதான் அடியில் படுத்துக் கழற்றி, அதே எம்மை அதே இடத்தில் மாட்டினேன். ஐந்தாவது வாரம் எரிச்சலில் கத்திவிட்டேன்.

"எம்ம மேல மாட்டியாச்சு, கேய கீழ மாட்டியாச்சு, இன்னும் என்னதான் மாமா செய்யணும்?"

போனட்டுக்குப் பின்னால் ஸ்பேனர் கீழே விழுந்தது. பிறகு அவர் முகம் கதவருகே வந்தது.

"எம்ம ஏன்டா மேல மாட்டுன?"

"எம்னா மேலே. கேன்னா கீழே."

"எம்னா மாசோக் லா! கேன்னா கெலுவார்!"

மலாயில் மாசோக் என்றால் உள்ளே, கெலுவார் என்றால் வெளியே. தண்ணீர் உள்ளே போகிற ஹோஸ், வெளியே வருகிற ஹோஸ். கீழ்க் குழாயில் புகுந்து மேல் குழாயில் வெளியேறினால்தான் உள்ளிருக்கும் காற்றும் கூடவே போகும். நான் தலைகீழாக மாட்டி ஐந்து வாரமாகக் காற்றைப் பெட்டிக்குள் சிறை வைத்திருந்தேன். ஆனால் நான் என்ன செய்வேன்? எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுகிறோம். தமிழ் பேசும் மச்சானுக்கு இங்கிலீஷ் எழுத்தில் மலாய் எழுதிக் கொடுத்தால் அவன் எந்த அகராதியைப் புரட்டுவது? ஐந்து வாரத்தில் ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

ஹோஸை மாற்றிப் போட்டோம். பத்தே நிமிடம், அடுப்பு வாயைத் திறந்தது போல் சூடு அடித்தது.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. மாமா காரை வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஜன்னல்களை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹார்ன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. நான் பின்சீட்டில் வெந்துகொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்று கண்ணாடியையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குடையோடு வந்து முன்சீட்டில் ஏறினாள்.

கார் மெர்லிமாவ் கடைத்தெருவைத் தாண்டியது. வெளியே கொட்டுகிற மழை, உள்ளே மூன்று பேருக்கும் வேர்வை. கண்ணாடியில் புகைமூட்டம் துளிகூட இல்லை. அக்கா துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கண்ணாடியவா கேட்டேன்?" என்றாள். "தப்பு என் மேலதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கட்டுப் போட்ட கையோட ஏறியிருப்பேன். ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

மாமா அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"சூடு ரொம்ப இருக்கா?" என்று கேட்டார். "கொறைக்கட்டுமா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஹீட்டர் பக்கம் போன அவர் கையை அக்கா விலக்கினாள்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள். "உங்ககிட்டேர்ந்து வர்றது இவ்ளோதான்."