மூன்றாவது டம்ளர்

குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. தோலைத் தடவி, முகர்ந்து, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று அல்லது ரிஜெக்ட் என்று சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். நான் எழுதியதை முதலாளிகூட அழிக்க மாட்டார். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

தொண்ணூறுகளில் இயந்திரம் பார்க்க மூன்று முறை இத்தாலிக்கு அனுப்பினார்கள். அங்கே எங்கள் ஏஜென்ட் இயந்திரத்தை அரை மணி நேரம் காட்டுவார். மிச்ச நாளெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு திராட்சைத் தோட்டங்களைச் சுற்றுவார். பீட்மாண்டில் பரோலோ, டஸ்கனியில் கியான்டி என்று ஊருக்கு ஊர் ஒயின் வேறு. ஓர் ஊர்க்காரரிடம் அடுத்த ஊர் ஒயினைப் பற்றிக் கேட்டால், ஊரப்பாக்கத்துக்காரரிடம் வண்டலூர்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டதுபோல முகத்தைச் சுளிப்பார்.

ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு வாளியில் துப்ப வேண்டும் என்பது அங்கே முறை. என்னால் முடியவில்லை. மனிதர் தன் கையால் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறார், அவர் முகத்துக்கு நேராக எப்படித் துப்புவது? மரியாதைக்காக விழுங்கினேன். ஒரு நாளைக்கு நான்கு தோட்டம், தோட்டத்துக்கு ஆறு மரியாதை. ஒரு சாயங்காலம் பீப்பாயைத் தடவிப் பார்த்து, பையிலிருந்த சாக்பீஸால் அதன்மேல் ‘1’ என்று எழுதினேன். தோட்டக்காரர் கைதட்டினார். எனக்கு ஒயின் தெரியும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் என் மனைவியும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவாள். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. ஜாடியில் இருபத்தோரு நாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் அவள். கிறிஸ்துமஸை ஒட்டிய அந்த ஒரு வாரம்தான் தெருவே அவளைத் தேடி வந்து, “அக்கா, இந்த வருஷம் எப்போ?” என்று கேட்கும். அதற்காகவே மற்ற ஐம்பத்தோரு வாரங்களை அவள் ஓட்டினாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பயணத்தில் கியான்டி ஒன்று, பரோலோ ஒன்று என்று இரண்டு பாட்டில் கொண்டுவந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போதகர் ஐயாவையும், பக்கத்து வீட்டு மின்சார ரயில் ஓட்டுநரையும் அழைத்து ருசிப் பரீட்சை வைத்தேன். ஆளுக்கு மூன்று எவர்சில்வர் டம்ளர். நடுவில் துப்புவதற்குக் குளியலறையின் சிவப்பு பிளாஸ்டிக் வாளி. இரண்டு டம்ளரில் இத்தாலி, ஒன்றில் மனைவியின் ஒயின். ஊற்றியவள் அவள், எங்கள் மூவர் கண்ணிலும் கைக்குட்டை. கண் மூடியதும் பழக்கதோஷத்தில் போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். வாளிக்கும் சேர்த்து ஆசீர்வாதம் கிடைத்தது.

“இன்னா சார், புளிச்சுப் போய் கீது,” என்றார் ஓட்டுநர் முதல் டம்ளரில். “இதையா அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கிகினு வந்தீங்க?”

இரண்டாவதுக்குப் போதகர் மெதுவாகச் சர்க்கரை கேட்டார். பரோலோவுக்குள் ஸ்பூன் சுற்றுகிற சத்தம் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் துப்பவில்லை.

மூன்றாவது டம்ளர் உதட்டில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிராம்பு வாசனையோடு பன்னிரண்டு கிறிஸ்துமஸ் கழித்தவன் நான். உண்மையைச் சொன்னால், மூன்றில் இதைத்தான் இன்னொரு டம்ளர் கேட்டிருப்பேன்.

“ஆங், இதான் சார் இத்தாலி,” என்றார் ஓட்டுநர்.

“சந்தேகமே இல்லை,” என்றார் போதகர்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ரிஜெக்ட்,” என்றேன்.

கைக்குட்டையை அவிழ்த்தபோது மனைவி எதிரில் நின்றிருந்தாள். “தெரிஞ்சுதானே சொன்னீங்க?” என்று கேட்டாள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது டம்ளர்களில் மிச்சமிருந்ததை எல்லாம் அவள் அதில் கவிழ்த்தாள். அன்று அந்த வாளியில் விழுந்தது அது மட்டும்தான்.

அடுத்த நவம்பரில் அவள் திராட்சை வாங்கவில்லை. நானே மார்க்கெட்டுக்குப் போய், பொறுக்கிப் பொறுக்கி நான்கு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிவந்து சமையலறை மேடையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அவள் பழத்தை நிதானமாகக் கழுவினாள். தண்ணீரை வடித்து, பெரிய தட்டில் பரப்பி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“நல்ல பழம்,” என்றாள். “சாப்பிடுங்க.”