மேலே இருப்பது வடக்கு

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பேருந்து ஏறுமுன் வெயில் படாத பக்கம் எது என்று என்னைத்தான் கேட்பார்கள். நானும் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இடது, வலது என்று எனக்கு யோசிக்க வராது. வரிச்சிக்குடிக்காரிக்குத் திசைதான் வரும். சோற்றுச் சட்டியைக்கூட “கொஞ்சம் தெக்கால நகத்து” என்றுதான் சொல்லுவோம். போதாததற்கு, காரைக்காலில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். இதற்கு வடக்கு, அதற்குக் கிழக்கு என்று நான்கெல்லை அடித்தே என் விரல்கள் தேய்ந்தன.

அந்த விரல்கள்தான் ஒன்பது வருடத்துக்கு முன் என் தங்கையை என்னிடமிருந்து பிரித்தன. அப்பாவின் நிலத்தை நாங்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டோம். வாய்க்கால் ஓரமாக இருக்கும் கிழக்குப் பாதி அவளுக்கு, மேற்குப் பாதி எனக்கு என்று பேச்சு. அப்பா வரைந்து கொடுத்திருந்த தாளைப் பார்த்துப் பத்திரத்தை நானே அடித்தேன். பதிவாகி வந்த பிறகு பார்த்தால் கிழக்கு எனக்கும் மேற்கு அவளுக்கும் போயிருந்தது. உடனே பிழைதிருத்தல் பத்திரம் போட்டு அவளுடையதை அவளுக்கே எழுதிக் கொடுத்தேன். மனசுக்குப் பிழைதிருத்தல் பத்திரம் ஏது? “எழுதத் தெரிஞ்சவ, வேணும்னுதான் எழுதிருக்கா” என்று அவள் சொன்னது என் காதுக்கு வந்தது. எப்படி அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாததால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

அதன்பிறகு நல்லது கெட்டதுக்கு வருவாள், போவாள். ஆனால் நான் எழுதிக் கொடுத்தது எதுவானாலும், கல்யாணச் சாமான் பட்டியலாக இருந்தாலும் சரி, இன்னொருவரிடம் காட்டாமல் விடமாட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே நிற்பேன்.

இந்த வருடம் அவள் மகளுக்குக் கொழும்பில் குழந்தை பிறந்தது. மருமகனுக்கு அங்கே வேலை. தங்கை வீட்டுக்காரருக்கு அறுப்பு நேரம், வயலை விட்டு நகர முடியாது. அவளோ விமானத்தைத் தரையில் இருந்து பார்த்ததோடு சரி. “பெரியம்மா, அம்மாவ நீங்கதான் கூட்டிட்டு வரணும்” என்று மகள் போன் செய்தாள். எப்படியாவது இந்தப் பயணத்தில் தங்கையோடு ராசியாகிவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கால் மணி நேரம் முகத்தில் வெயில் பட்டால் அன்றைய பொழுது போச்சு. சென்னையிலிருந்து காலை விமானம், கடலோரமாகவே தெற்கே போகும். மேற்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் வெயிலும் படாது, காரைக்காலையும் மேலேயிருந்து பார்க்கலாம். போனில் இருக்கைப் படத்தைத் திறந்து, மேற்கோரத்து ஜன்னலை அவளுக்குப் பிடித்தேன். பக்கத்து இருக்கை எனக்கு. “நிழலுக்கு நிழல், ஊருக்கு ஊர்” என்று பீற்றிக்கொண்டேன். “பாக்கலாம்” என்றாள்.

பார்த்தோம். விமானம் மேலேறி, ஒரு சுற்று திரும்பி, தெற்கே நேரானதும் வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே கடலைத் தவிர ஒன்றுமில்லை. கரை எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் மூடியை இறக்கிவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா பாத்துப் போட்ட” என்றாள்.

இதையும் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டால் என்ன செய்வது? போனில் எடுத்து வைத்திருந்த இருக்கைப் படத்தை அவளிடம் காட்டினேன்.

“இங்க பாருடி. இந்த ஓரம் மேக்குதானே?”

“அது எப்படி மேக்கு?”

“மேல வடக்குன்னா இது மேக்குதானே?”

“மேல பிளேனோட மூக்குல்ல இருக்கு. மூக்கு தெக்கால போவுது.”

போனை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். நான் பிடித்த ஜன்னல் கிழக்கே போய்விட்டது. வருடக்கணக்காக நில வரைபடம் பார்த்த கண்ணுக்கு எந்தத் தாளிலும் மேலே இருப்பது வடக்குதான். அப்போதுதான், பாகம் பிரிக்க அப்பா வரைந்து கொடுத்த தாள் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. எங்கள் வயலுக்கு வடக்கே ரோடு. அப்பா ரோட்டில் நின்று வயலைப் பார்த்த வாக்கில், தெற்கை மேலே வைத்து வரைந்து, இடப்பக்கம் ‘சின்னவளுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார். இடப்பக்கம் என்றால் மேற்கு என்று, யாரோ ஒருவருடைய நிலம் போல நான் அடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் தலைப்பை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

“அப்ப அன்னைக்கும் இதே கூத்துதானா?”

“இதேதான்டி.”

“இவ்வளவு மக்கா நீ! ஒன்ன பெரிய வில்லங்கம்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மக்கு என்று ஒருத்தி என்னைத் திட்டி, அதற்கு நான் சந்தோஷப்பட்டு அழுதது அன்றைக்குத்தான். எதிர்ப்பக்கத்து ஜன்னலில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, “இஞ்சால வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தோம். பச்சையும் பழுப்புமாக வயல்கள், அலையின் வெள்ளைக் கோடு, கடலில் சேரும் ஓர் ஆறு. “நம்ம அரசலாறு” என்றேன். அது கொள்ளிடமாகவும் இருக்கலாம். அவள் “ஆமா” என்று தலையாட்டினாள். தலைவலி வந்துவிட்டதா என்று கேட்டேன். “அது வந்து அரை மணி ஆச்சு” என்றாள், கண்ணை ஜன்னலை விட்டு எடுக்காமல்.

கொழும்பில் பதினைந்து நாள் இருந்தோம். திரும்புவதற்கு முதல் நாள் இருக்கை பிடிக்க உட்கார்ந்தேன். சாயங்கால விமானம், வடக்கே போகிறது. நிழல் கிழக்கே, ஊர் மேற்கே. எது வேண்டும் என்று கேட்டேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தங்கை, “நீயே போடுக்கா” என்றாள். போட்டேன்.

“காட்டுங்க பெரியம்மா, சரியா இருக்கான்னு பாக்குறேன்” என்று அவள் மகள் கை நீட்டினாள்.

“ஒண்ணும் பாக்க வேணாம் வுடு” என்றாள் தங்கை. “தப்பாவே இருக்கட்டும். அக்கா போட்டதுல உக்காந்துக்கிறேன்.”