புரட்டிப் போட்ட மீன்

தேவமணி மீனைப் புரட்டியது ஒரு நொடி வேலை. இருபத்தாறு வருஷமாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் மீனும் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுஷன். இந்த ஊரில் மீனை ஒரு பக்கம் மட்டும் காட்டினால் வாங்குபவன் முகம் சுளிப்பான். மறுபக்கம் நைந்து கிடக்குமோ என்று சந்தேகம். அதனால் செவுளைத் தூக்கிக் காட்டி, அப்படியே புரட்டியும் காட்டிவிடுவது இவருக்குக் கைப்பழக்கம்.

புரட்டிய இடம்தான் வம்பாகிப் போனது. அவர் மீன் கொண்டுபோன சீனக் கப்பலின் மாலுமிகளில் ஆறு பேர் ஒரே மீனவக் கிராமம். அன்று அவர்கள் ஊரில் கடல் தெய்வத்துக்குத் திருவிழா. சாமியைப் பல்லக்கில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்களாம், படகெல்லாம் கொடி கட்டி நிற்குமாம். போக முடியாதவர்கள் கப்பலின் மேல்தளத்திலேயே ஒரு மேஜையில் சிவப்புத் துணி விரித்து, ஒரு சாண் உயரச் சிலையை வைத்துப் படையல் போட்டிருந்தார்கள். நடுவில் தேவமணி கொண்டுவந்த முழுச் சங்கரா மீன். அந்த ஆறு பேரில் ஒருவரான போசன், அதாவது மாலுமிகளுக்கு மேஸ்திரி, மீனைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார். உடனே இவருக்குக் குஷி வந்துவிட்டது. மறுபக்கத்தையும் பாருங்கள் என்று மேஜையிலேயே புரட்டிவிட்டார்.

ஆறு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. போசன் உள்ளங்கையைப் படகு போல நீட்டி, மெல்லக் கவிழ்த்துக் காட்டினார். மீனைப் புரட்டினால் கப்பல் கவிழும் என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டில் சாப்பிடும்போதுகூடப் புரட்ட மாட்டார்களாம். இவரோ தெய்வத்தின் முன்னாலேயே, அதுவும் கப்பல் புறப்படுகிற நாளில் புரட்டித் தொலைத்திருக்கிறார்.

மணி மூன்று. கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே ஓட்டிக்கொண்டுபோய் விட, நான்கு மணிக்கு பைலட் வந்துவிடுவார். ஆறு பேரும் கப்பலைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கேப்டன் கத்திப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போன் போட்டார். அங்கே வேலை பார்க்கிற ஷாம், கப்பலிலேயே நின்ற தேவமணியைப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கப்பல் இன்னைக்கு நகரலன்னா உம்ம பாஸ் போயிரும். அப்புறம் துறைமுகத்துக்குள்ள கால் வைக்க முடியாது, பாத்துக்கிடும்."

அந்த நேரம் போசனே ஒரு வழி சொன்னார். மூன்று ஊதுபத்தியை நீட்டி, இந்தச் சிலையை மூன்று முறை குனிந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார்.

வேறொருவர் என்றால் குனிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். தேவமணி நாசரேத்துக்காரர், கிறிஸ்தவர். பக்கத்து வீட்டில் கோயில் கொடைக்குத் தரும் பொங்கலைக்கூட நயமாகச் சொல்லி மறுத்துவிடுகிறவர். குனியாவிட்டால் பிழைப்பு போச்சு, குனிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எந்த முகத்தோடு நிற்பது? நீட்டிய கை பாதியில் நின்றது. முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆள், அத்தனை பேர் முன்னால் அழுதார்.

போசன் கோபப்படவில்லை. செல்போனை எடுத்து மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் காட்டினார். பிறகு கடலைக் கைகாட்டினார். இது பிடிவாதம் இல்லை, பயம் என்று தேவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஷாமை மறுபடி கூப்பிட்டார்.

"நானும் கப்பல்ல போறேன்லே. வெளிய போயி பைலட்டு இறங்கும்போது கூட இறங்கிக்கிடுதேன். கவுந்தா என்னையும் சேத்துத்தான கவுக்கணும்."

"உமக்கு நீச்சல் தெரியாதே அண்ணாச்சி?"

"தெரியாது. அதான் போறேன்."

ஷாம் நாலு இடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினான். தேவமணி தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் போசனிடம் விஷயத்தைச் சொன்னார். போசன் எழுந்து கயிற்றிடம் போனார். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே போனார்கள்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் கப்பல் ஆடத் தொடங்கியது. அது சாய்ந்தபோதெல்லாம் ஆறு பேரும் கடலைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார்கள். இவரோ கம்பியைப் பிடித்த பிடியை விடாமல், மீனைத் தொட்ட தன் கையையே திட்டிக்கொண்டு நின்றார்.

பைலட்டைத் திரும்ப அழைத்துப் போகும் படகு வந்து ஒட்டியது. கப்பலின் பக்கவாட்டில் நூலேணி தொங்கியது. பைலட் மளமளவென்று இறங்கிவிட்டார். தேவமணி ஒரு காலை வைத்தார், மறுகால் வரவில்லை. கீழே படகு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பைலட் சத்தம் போடப் போட இவர் கை இன்னும் இறுகியது.

போசன்தான் இவரை மேலே இழுத்து, இடுப்பில் கயிறு கட்டினார். தான் முதலில் இறங்கி, கீழேயிருந்து இவர் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் எடுத்து எடுத்து வைத்தார். அலை அடித்து இரண்டு பேரும் நனைந்தார்கள். போசன் படகில் குதித்து நின்று, இவரை இடுப்போடு அணைத்துத் தூக்கி இறக்கினார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறிப் போனார்.

படகு துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பியது. தேவமணி ஈரத் தரையிலேயே முழங்கால் போட்டார். அந்த மனுஷன் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். யாருக்காக ஜெபித்தாலும் பெயர் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். வாயைத் திறந்த பிறகுதான், பெயரைக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"ஆண்டவரே," என்றார், "என் காலப் பிடிச்சாரே, அவரு."