பிளேனுக்கு நான் கட்டிய பேட்டரி

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பேட்டரியைக் கேட்பதற்கு முன்னால் ஆளைக் கேட்பார்கள். "பாய் இல்லியா?" என் கணவர் மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்த மறுவாரமே திருக்கோவிலூர் கடைத்தெருவில் அவர் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். கேள்வி மட்டும் இன்றுவரை மாறவில்லை. ஆரம்பத்தில் தலையைக் குனிந்துகொண்டு "அவரு தவறிட்டாருங்க" என்பேன். வந்தவர் உச்சுக்கொட்டிவிட்டு, "சரிம்மா, அப்பால வரேன்" என்று போய்விடுவார். அப்பால வந்தால் மட்டும் பாய் எழுந்து வந்துவிடுவாரா? ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. அதிலிருந்து, "பாய் போயிட்டாரு, பேட்டரி எல்லாம் இங்கியேதான் இருக்குது. எத்தினி வோல்ட்டு, சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "பாய் கை பட்ட பேட்டரி மூணு வருஷம் உழைக்கும்" என்று சுற்றுவட்டாரமே சொல்லும். அந்தக் கை என்னுடையது. அவர் முன்னால் உட்கார்ந்து பேசுவார். நான் பின்கட்டில் உருண்டைச் செல்களை வரிசையாக அடுக்கி, தகடு வைத்து ஒட்டி, நீல உறை போட்டு, மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கும் எமர்ஜென்சி விளக்குக்கும் பேட்டரி கட்டிக்கொண்டிருப்பேன். பதினெட்டு வருடம் கட்டினேன். நல்ல மனிதர்தான், யாராவது பாராட்டினால் பின்கட்டைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் வாயைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

என் அண்ணனுக்கு மணலூர்பேட்டையில் அரிசிக்கடை. வாரம் ஒருமுறை என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒரே பாட்டைப் பாடுவார். "ஒரு ஆம்பளய உக்கார வெச்சிட்டு நீ வூட்ல நிம்மதியா இரேம்மா." ஆளும் தயார். அண்ணியின் சொந்தத்தில் வேலை இல்லாமல் ஒருவர். நானோ நிம்மதியாகத்தான் இருந்தேன், அண்ணன் வராத மற்ற ஆறு நாளும்.

அப்போதுதான் கரும்புக்காரர் வந்தார். மணலூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஆற்றோரமாகக் கரும்பு போடுகிறவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வழக்கம்போல பாயைக் கேட்டார். நான் வழக்கம்போல பதில் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பையிலிருந்து ஒரு தட்டைப் பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணெயில் போட்ட பூரி போல அது உப்பிக்கிடந்தது. ரிமோட்டில் பறக்கிற பிளேன் வைத்திருக்கிறாராம். தெர்மோகோல் மாதிரியான வெள்ளை உடம்பு, நாலடி இறக்கை, மூக்கில் மோட்டார். பேட்டரியை முழுக்க ஏற்றித் தகரக் கொட்டகையில் ஒரு மாதம் வைத்திருந்தாராம். "கரண்ட் இருக்கும்போதே ஏத்தி வெச்சிக்கணும்னு உங்க கடையிலதானே சொல்வாங்க?" என்றார். உண்மைதான். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத ஊரில், எல்லாரிடமும் நாங்கள் சொல்வது அது. இந்த ஜாதிப் பேட்டரியை முழுக்க ஏற்றி வெயிலில் சும்மா வைத்தால் கெட்டுப்போகும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாயைக் கேட்டு வந்தவரிடம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பழையதைப் பார்த்தேன்: பதினொன்று சொச்சம் வோல்ட், 2200 மில்லி ஆம்பியர். மூன்று உருண்டைச் செல்லை வரிசையாகச் சேர்த்தால் அதே வோல்ட் வந்துவிடும். என்னிடம் இருந்தவை 2600. நிறுத்துப் பார்த்தால் பழையதைவிட எடையும் குறைவு. "ஆம்பியர் ஜாஸ்தி, வெயிட்டு கம்மி. பழசவிட ஜம்முனு பறக்கும் பாருங்க" என்று கட்டிக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. விமானத்துக்கே பேட்டரி கட்டியவள் அல்லவா!

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தபோது பிளேன் உரச்சாக்கில் இருந்தது. ஒரு இறக்கை விரிசல், மூக்கு நசுங்கல். ஸ்டூலில் அண்ணன் இருந்தார். அந்த வாரத்துப் பாட்டின் நடுவில் இருந்தார். பிளேன் கையை விட்டு எழும்பி, பனைமர உயரம் போனதாம். மேலே ஏற்ற முழு வேகம் கொடுத்ததும் மோட்டார் நின்று, வால் தொங்கி, அப்படியே கரும்புக்குள் விழுந்ததாம். அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "உங்க பேட்டரில தம் இல்ல பாயம்மா" என்றார் வருத்தமாக. "பாய் இருந்திருந்தா..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் நிறுத்தவில்லை. "அத்ததாங்க நானும் தலபாடா அடிச்சிக்கினு இருக்கேன்! ஒண்ணாந்தேதிலேர்ந்து நம்ம ஆளு வந்து கடைல உக்காருவான். முடிஞ்சிபோச்சி."

"என் தப்பு இது. நானே சரி பண்றேன்" என்றேன். "அதே பிளேனு, நான் மாட்டற பேட்டரி. பறந்து எறங்கட்டும்."

"பறந்து சேதாரமில்லாம எறங்கிட்டா நீயே உக்காரு, நான் வாயே தொறக்கல. உழுந்துட்டா?" என்றார் அண்ணன்.

"உங்க ஆளு வரட்டும்" என்றேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுவது என் பிறவிக் குணம். அண்ணன் கிளம்பிப் போன பிறகுதான் யோசித்தேன். இன்னொரு முறை விழுந்தால் நாற்காலி போய்விடும்.

தம் என்ற சொல்லை அந்த வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தம் என்றால் பிரியாணிச் சட்டியை மூடி மேலே நெருப்புப் போடுவது. தெருமுனைப் பையன்களுக்கு அது வாயில் புகைவது. ஊருக்கு, நெஞ்சில் இருக்கிற துணிச்சல். கரும்புக்காரர் சொன்னது பம்புசெட்டுக்காரர்களின் தம்: மோட்டார் இழுக்கும்போது மூச்சு வாங்காமல் கொடுக்கிற சக்தி. சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

பிளேனை நானும் கரும்புக்காரரும் கடையிலேயே ஒட்டினோம். மோட்டார் விசிறியைக் கழற்றாமல், பிளேனை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டிவைத்து, நான் கட்டிய பேட்டரியை மாட்டி, வயரைச் சுற்றிப் பிடிக்கிற மீட்டரை வைத்து முழு வேகம் கொடுத்துப் பார்த்தேன். ரசீதுப் புத்தகம் பறந்து தெருவில் போய் விழுந்தது. மோட்டார் இருபத்துநாலு ஆம்பியர் கேட்டது. என் செல்களால் ஐந்துக்கு மேல் ஒழுங்காகக் கொடுக்க முடியாது. பன்னிரண்டில் இருந்த வோல்ட் ஒன்பதுக்குக் கீழே சரிந்தது. உடனே வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னப் பெட்டி, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். என் சட்டியில் நிறையவே இருந்தது. அகப்பைதான் டீ ஸ்பூன்.

அகப்பையின் அளவு பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கும். ‘30 சி’ என்று இருந்தால், கொள்ளளவைப் போல முப்பது மடங்கு வேகத்தில் கொடுக்கும் என்று கணக்கு. நான் கடைக்காரி, எழுதியிருப்பதில் பாதியைத்தான் நம்புவேன். பாதியை நம்பினாலும் பழையதைப் போன்ற 2200 தட்டைப் பேட்டரி முப்பத்துமூன்று ஆம்பியர் தரும், போதும். ஆனால் 2600-ஐ எடுத்து வைத்துவிட்டு 2200-ஐ வாங்க எனக்கு என்ன பாடு தெரியுமா? வாழ்நாள் முழுக்க "ஜாஸ்தி நல்லது" என்று விற்றவள் நான். குறைந்த எண்ணைக் காசு கொடுத்து வாங்கும்போது கை கூசியது.

புதுப் பேட்டரி வந்தபோது அதன் முனையும் பிளேனின் முனையும் பொருந்தவில்லை. பேட்டரியின் மஞ்சள் முனையை வெட்டிவிட்டு, பிளேனுக்குப் பொருந்துகிற முனையைப் பற்றவைத்தேன். சிவப்பு வயரை வெட்டி, ஒட்டி, உறை போட்டு முடித்த பிறகுதான் கறுப்பைத் தொட்டேன். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கத்தரிக்கோல் வழியாகவே ஷார்ட் ஆகி, கடையே எரியும். பிறகு இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். வால் தொங்கியது. பேட்டரியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினேன், நேராக நின்றது. முன்பு வால் ஏன் தொங்கியது என்பதும் அப்போது புரிந்தது. நான் பெருமைப்பட்ட அந்த எடைக் குறைவால் மூக்கு இலேசாகி வால் கனத்துவிட்டது. பேட்டரி நகராமல் இருக்கப் பின்னால் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை அடைத்து, ஒட்டுப்பட்டையால் இறுக்கினேன். தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. திரும்ப முழு வேகம் கொடுத்துப் பார்த்தேன். வோல்ட் பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரியைத் தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுக்குப் போனோம். பெண்ணையாற்றில் தண்ணீர் இல்லை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணல்தான். கரும்புக்காரர், அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர், என் அண்ணன். பெண் என்று நான் ஒருத்தி, கறுப்புப் புர்காவில், வெயிலில். கரும்புக்காரர் கையை நீட்டினார். "குடுங்கம்மா, பேட்டரிய நானே மாட்டிக்கிறேன்."

"நான்தான் மாட்டுவேன்" என்றேன். "மொதல்ல ரிமோட்ட ஆன் பண்ணி வேகத்த கீழ எறக்குங்க. அப்பறம்தான் பேட்டரி. மாத்திப் பண்ணா விசிறி கைய வெட்டிடும்." அவர் ரிமோட்டைப் போட்டு வேகத்தை இறக்கினார். மண்டியிட்டு உட்கார்ந்து மாட்டினேன்.

பிளேன் எழும்பியது. பனைமர உயரம் வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. அவர் முழு வேகம் கொடுத்தார். சத்தம் குறையாமல் பிளேன் மேலே மேலே போனது. "உட்டா கல்வராயன் மலைக்கே போவும் போல!" என்று ஒருவர் கத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏழு நிமிடத்தில் இறக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஏழு ஆயிற்று. "இன்னும் ஒரு ரவுண்டு பாயம்மா, தம் இருக்குது." எட்டு ஆயிற்று. "எறக்கிடுங்க" என்றேன். "ஓட்டட்டும் உடேன், உனுக்கின்னா அவசரம்?" என்றார் அண்ணன், வானத்தைப் பார்த்துக்கொண்டே. அது விழுவதற்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

"எறக்குங்கன்றேன்ல!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கரும்புக்காரர் பயந்து வேகத்தைக் குறைத்தார். பிளேன் ஒரு வட்டம் அடித்து, தாழ்ந்து, வயிற்றால் மணலை உரசிக்கொண்டு வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்துக் காட்டினேன். இறக்க வேண்டிய அளவில் இறக்கியிருந்தோம். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கரும்புக்குள் தேடியிருக்க வேண்டும்.

அண்ணன் கைலியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "பறந்துச்சி, இல்லேன்னு சொல்லல. ஆனா நாலு ஆம்பளைங்க முன்னால இப்டி கத்தினியே, நல்லாவா இருக்குது? இதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணாந்தேதி ஆளு வருவான்."

முதலில் அவர்மேல் கோபம் வந்தது. அடுத்த மூச்சில் என்மேல். அந்தக் கடை என் கணவர் எனக்கு விட்டுப்போனது. அண்ணன் அதில் ஒரு ஆணி அடித்ததில்லை. என் பொருளையே பந்தயம் வைத்து, ஜெயித்து, அதை அவர் கையால் வாங்கிக்கொள்ள வெயிலில் காத்து நின்றிருக்கிறேன். பேட்டரியில் செய்த தப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ண்ணா" என்றேன், மரியாதை குறையாமல்தான். "பிளேன் உழுந்திருந்தாலும் கட என்னுதுதான். உங்ககிட்ட போய் பந்தயம் கட்டுனேன் பாருங்க, அதான் என் புத்திகெட்ட வேல."

பந்தயத்தில் கொடுத்த வாக்கை மறந்த அண்ணன், ஆளை அனுப்ப மட்டும் மறக்கவில்லை. ஒன்றாம் தேதி காலையில் ஆள் வந்தார். எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் டிபன் கேரியர், சட்டைப் பையில் புதுப் பேனா. எதிர் டீக்கடையில் அண்ணன் கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. வந்தவர் சலாம் சொன்னார். பதில் சலாம் சொன்னேன். மேசையின் பக்கவாட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். பலகையின் மேல் கையை வைத்தேன்.

"வாங்க வர்றவங்க அந்தப் பக்கமே நிக்கணுங்க. உங்களுக்கு இன்னா வேணும்?"

அவர் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டு, "ரெண்டு பென்சில் செல்லு குடுங்க" என்றார்.

இரண்டையும் மீட்டரில் வைத்துக் காட்டித்தான் கொடுத்தேன்.