அவர் தின்ற கசப்பு மல்லாட்டை

"எவ்ளோ வருஷமாம்மா குடிக்கிறாரு?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் வயிறு ஊதிப்போய்க் கட்டிலில் படுத்திருந்தார். சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகன், லீவு போட்டுவிட்டு வந்து தலைமாட்டில் நின்றிருந்தான். எனக்கு வெளி ஆட்களிடம் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதை டாக்டர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"நான் குடிக்கறதில்ல சார். வாயில வெச்சதே இல்ல," என்றார் இவர்.

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க பெரியவரே."

டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. முதுகில் தட்டிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கல்லீரலில் வரும் இந்தக் கட்டி குடிக்காதவர்களுக்கும் வரும், அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றும் கூடவே சொன்னார். ஆனால் அந்தப் பின்பாதி என் மகன் காதில் ஏறவில்லை. வெளியே நடைபாதையில் வந்து நின்றதும் என்னிடம் சொன்னான்: "வாரா வாரம் பாண்டி பக்கம் போனவரு அங்க டீயா குடிச்சிக்கினு இருந்தாரு? நீயும் சேந்துக்கினு மறைக்கிறியேமா."

அந்தப் பேச்சு அவனுக்குப் புதிது இல்லை. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. வெள்ளிக்கிழமைதோறும் இவர் மொபட்டில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து, அதையும் கொஞ்சம் காய்கறியும் கட்டிக்கொண்டு கோட்டக்குப்பம் போவார். அங்கே பள்ளிவாசல் தெருவில் இவருக்கென்று வாடிக்கையான வீடுகள் இருந்தன. கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் பாண்டிச்சேரி, பாண்டிச்சேரியில் தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை. அந்தப் பக்கம் போய் வரும் ஆம்பிளை சும்மா வருவானா என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. போதாததற்கு, காற்றிலும் புழுதியிலும் வண்டி ஓட்டி வருகிறவருக்குக் கண் சிவந்துதான் இருக்கும். என் கொழுந்தனாரே எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார்: "இன்னாண்ணா, இன்னிக்கு ரெண்டு ரவுண்டா, மூணா?" இவர் சிரித்துக்கொண்டே, "உனக்கும் சேத்து ஊத்திக்கினு வந்தேன்டா" என்பார். அந்த விளையாட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பையன் வளர்ந்தான்.

உண்மையில் இவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் மல்லாட்டைதான். கெட்ட பழக்கம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் மல்லாட்டை பிடுங்கினால் அதில் நல்லது எல்லாம் ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டிக்குப் போகும். அடுத்த போகத்துக்கு விதை தனியாக எடுத்து வைப்போம். மீதி நிற்கிற சொத்தை, சுருங்கல், கறுத்தது, பூசணம் பூத்தது எல்லாம் வீட்டுக்கு. எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு. விற்கிற பொருள் பார்வையாக இருக்க வேண்டும், தின்கிற பொருள் எப்படி இருந்தால் என்ன என்று நினைப்போம். ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்ட வருஷங்களில் அந்தக் கழிவே மூட்டை மூட்டையாகச் சேரும். உடைக்கும்போது விரல் நோகக் கூடாது, பருப்பு உடையக் கூடாது என்று முதல்நாளே காயின் மேல் தண்ணீர் தெளித்துச் சாக்கைப் போட்டு மூடி வைப்போம். மறுநாள் சாக்கை எடுத்தால் வெதுவெதுப்பாக ஒரு வாடை வரும். அது மல்லாட்டையின் வாசனை என்றே நான் நினைத்திருந்தேன்.

இவருக்கு அந்தக் கழிவை வறுத்து மடியில் கட்டிக்கொண்டால்தான் கழனியில் கால் நிற்கும். நாங்கள் கசக்கிற கொட்டை வாயில் பட்டால் துப்பிவிடுவோம். இவர் துப்ப மாட்டார். "கசப்பு வயித்துப் பூச்சிக்கு நல்லதுமே. நீ சும்மா இரு," என்று மென்று முழுங்குவார். அவருடைய அப்பாவும் அப்படித் தின்றவராம்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மழைக்காலத்தில்தான் ஒரு பெண் வந்தாள். விழுப்புரத்துப் பிள்ளை. ஏதோ காலேஜில் ஆராய்ச்சிப் படிப்பு. மல்லாட்டையில் பிடிக்கும் பூசணத்தைப் பற்றித்தான் அவள் படிப்பு என்று எங்கள் மகளிர் குழுத் தலைவி கூட்டிக்கொண்டு வந்தாள். வீடு வீடாகப் போய் மல்லாட்டையைக் கேட்டு வாங்கி, காகிதப் பையில் போட்டு, மேலே எழுதிக்கொண்டாள். பிளாஸ்டிக் பை கூடாதாம். அதில் வேர்த்துப் போய், போகிற வழியிலேயே பூசணம் பெருகிவிடுமாம்.

கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஆள் இளைத்துப் போயிருந்தாலும் வாய் மட்டும் இளைக்கவில்லை.

"இன்னா பாப்பா, ஊர்ல எல்லாரும் நல்ல மல்லாட்ட கேப்பாங்க, நீ இன்னாடான்னா பூத்துப் போனத கேக்கற?"

"ரெண்டும் வேணும் தாத்தா. இத எதுக்கு வெச்சிருக்கீங்க? மாட்டுக்கா?"

"மாட்டுக்கா? எனக்கு! மாடு இத மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையில் அள்ளியதைத் திரும்ப முறத்தில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். "எத்தன வருஷமா தாத்தா சாப்பிடறீங்க?" என்றாள். டாக்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்டார். ஆனால் இவள் கேட்டவிதம் வேறாக இருந்தது.

பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பச்சை மஞ்சள் பூசணம் ஒரு விஷத்தைக் கக்குமாம். அதற்கு ஒரு பேர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. கண்ணுக்குத் தெரியாதாம். பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் விஷம் உள்ளேயே தங்கிவிடுமாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாதாம். ஒரு மூட்டையில் ஒன்றிரண்டு கொட்டைகளில் மட்டும் அது நிறைய இருக்கலாம், மற்றது எல்லாம் சுத்தமாக இருக்கலாம். அதனால்தான் லேபில் மொத்தத்தையும் ஒன்றாக அரைத்து அதிலிருந்து எடுத்துப் பார்ப்பார்களாம். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் அது கல்லீரலைக் கெடுக்கும் என்றாள்.

கல்லீரல் என்று அவள் சொன்னதும் நான் இவரைப் பார்த்தேன். இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் நான் பின்னாலேயே போனேன். கிட்டே போய் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வேலி வரைக்கும் சும்மாவே நடந்தேன். அவளே திரும்பி, "இன்னா பாட்டி?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாருமா," என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னேன். கல்லீரலில் கட்டி என்றதையும், மகன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போனதையும் சொன்னேன். "இந்தப் பூசணத்தாலதான் வந்திச்சின்னு அவனாண்ட ஒரு வார்த்த சொல்லு கண்ணு. நான் சொன்னா நம்ப மாட்டான். நீ படிச்ச பொண்ணு."

அவள் கண் கலங்கியது. இருந்தும் தலையை ஆட்டவில்லை.

"பாட்டி, நான் பொய் சொல்லக் கூடாது. இது கல்லீரலக் கெடுக்கும்னு சொல்லலாம். தாத்தாவுக்கு இதனாலதான் வந்திச்சின்னு என்னால சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு எதனால வந்திச்சின்னு அவ்ளோ சுலபமா யாராலயும் பிரிச்சிச் சொல்ல முடியாது."

"குடிச்சதாலதான் வந்திச்சின்னு மட்டும் சொல்ல முடியுமா?"

"அதுவும் முடியாது பாட்டி. ஆனா ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

வேலியோரம் நின்றுகொண்டே மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவள் தான் யார் என்று சொன்னாள். என்னிடம் சொன்னதையேதான், கூட்டாமல் குறைக்காமல் அவனிடமும் சொன்னாள். "குடிக்காமலும் வர்றதுக்கு நிறைய வாய்ப்பிருக்குண்ணா, உங்கப்பா சொல்றத நீங்க நம்பலாம்," என்று கடைசியில் அவளாக ஒரு வார்த்தை சேர்த்தாள். அதற்கே நான் அவளுக்குக் கடமைப்பட்டவள். போனை நான் வாங்கியதும் மகன் சொன்னான்: "அந்தப் பொண்ணே உறுதியா சொல்ல முடியாதுன்னுதே. நீ ஏம்மா ஊர்ல போற வர்றவங்களாண்டல்லாம் இதப் பேசிக்கினு இருக்கற?"

உள்ளே வந்தேன். இவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இன்னா சொல்றான் உம்புள்ள?"

"வேல இருக்குதாம். அப்பறமா பேசறானாம்."

"பொய் சொல்லவும் உனக்குத் தெரியல," என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எவன் இன்னா வேணா சொல்லிக்கினு போட்டும். அவன் மட்டும் நம்புனா போதும்மே," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. மகன் ஊருக்கு வந்த ஒருநாள் மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ரெஸ்ட் எடு நைனா," என்று அவன் போர்வையை இழுத்து விட்டான். பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார்.

காரியத்துக்கு முதல்நாள் அந்தப் பெண் வந்தாள். சாவு நடந்தது அவளுக்குத் தெரியாது. வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். லேபில் பார்த்ததைச் சொல்லத்தான் வந்திருந்தாள். நல்ல காயில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, கழிவில் மட்டும் விஷம் ரொம்பவே அதிகம், இனி யாரும் தின்ன வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், காயில் தண்ணீர் தெளிக்காதீர்கள் என்றாள். மகன் பக்கத்தில் நின்று கவனமாகத்தான் கேட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு என் தோளில் கை வைத்தான்.

"பாவம்மா நைனா. குடியோட இந்த விஷமும் சேந்துக்கிச்சி. ஒடம்பு எப்படித் தாங்கும்?"

மறுநாள் படையல். போனவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். புது வேட்டி, துண்டு, கருவாட்டுக் குழம்பு, கேப்பைக் களி, வெற்றிலை பாக்கு. பீடி பிடித்தவருக்குப் பீடியும் குடித்தவருக்குக் குடியும் வைப்பார்கள். எல்லாம் பரப்பி முடிந்தபோது மகன் பைக்குள் கையை விட்டு ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்தான். போட்டோவைப் பார்த்து அழுதான். "உயிரோட இருக்கசொல்ல ஒளிச்சி ஒளிச்சி குடிச்சியே நைனா. இப்ப எங்க முன்னாடியே குடி," என்றான். பொம்பளைகள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். அவனை மாதிரி பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஒருத்தி சொன்னாள்.

நான் எழுந்து போய் அந்தப் பாட்டிலை எடுத்தேன். அத்தனை பேர் நடுவில் நான் அப்படி எழுந்து போனது அதுதான் முதல் தடவை. "அவரு குடிக்க மாட்டாரு," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேனோ என்னவோ. கொழுந்தனார் மட்டும், "அண்ணிக்கு ஒத்துக்க இன்னும் மனசு வரல. விடுங்க அண்ணி, சாமியாப் போனவருகிட்ட இன்னா மானம், இன்னா அவமானம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாட்டிலை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது போல அவ்வளவு மெதுவாக வாங்கினான். கற்பூரம் காட்டினார்கள். பிறகு வழக்கப்படி அந்தப் படையலை ஆண்கள் பின்பக்கம் கொண்டுபோய்ப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் அவனைப் பஸ் ஏற்றிவிடத் திண்டிவனம் போனேன். வேண்டாம் என்றான், நான்தான் கூடவே போனேன். வழியில் எப்படியாவது இன்னொரு முறை சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். சென்னை பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தான். அவன் முகம் தெளிந்திருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அவனை அப்படிப் பார்த்தேன்.

"அம்மா, நைனா மேல எனக்கு இப்ப ஒரு கோவமும் இல்லமா. எல்லாத்தயும் மன்னிச்சிட்டேன். நீ அதையே நெனச்சிக்கினு இருக்காத."

சேர்த்து வைத்திருந்ததை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதைச் சொன்னால் அந்த முகம் மாறிவிடும். சொல்லாவிட்டால் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் அவர் கிடக்க வேண்டும். கண்டக்டர் விசில் ஊதினார்.

"அவரு குடிக்கலடா," என்றேன்.

பஸ் நகர்ந்துவிட்டது. அவன் காதில் கையை வைத்து, "இன்னாமா?" என்று கேட்டான். பிறகு, வீட்டுக்குப் போனதும் போன் பண்ணுகிறேன் என்பது போலக் கையை ஆட்டிக் காட்டினான்.