வீட்டை விற்குமுன் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்

போன வருடத்து மாரி மழையோடு என் கண்கள் இரண்டும் போயின. சீனி வருத்தம், நீரிழிவு. பதினாறு வருடம் உடம்புக்குள் இருந்தது. முதலில் இடது கண், மூன்று மாதத்தில் வலது கண். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் இருபத்தெட்டு வருடம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தவள். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வாவிக்கரையில் இருக்கிற வீடு அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. என் தங்கை மேரிக்கும் சித்தாண்டிப் பக்கம் ஒரு வீடு எழுதினார். அதை அவள் கணவர் விற்றார். விற்ற பிறகு அவளையும் விட்டுவிட்டுப் போனார். அவளும் மகள் ஷாமினியும் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தார்கள்.

என் கண் போனதும் மேரி மகளோடு என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்து, "இனி நான்தான்கா உனக்குக் கண்" என்றாள். நான் அழுதுவிட்டேன். இதே சபையில் எழும்பி நின்று, கர்த்தர் எனக்குத் தந்த உதவி என் தங்கை என்று நன்றி சொன்னேன். உங்களில் பலர் அன்றைக்கு இருந்தீர்கள். அந்தச் சாட்சியைத் திருத்துவதற்காகத்தான் இன்று திரும்பவும் நிற்கிறேன்.

அவள் வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போகும்போது வழியில் உரல் கிடந்தது. தடக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. "நிலம் ஒரு பக்கம் இறங்கிப் போச்சுதுகா, உரல் தானா உருண்டு வந்திருக்கு" என்றாள் மேரி. நம்பினேன். அதன் பிறகு நான் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாடு கட்டிலுக்கு வரும். என் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவள் வாயால்தான் அறிந்தேன்.

கூரை மரத்தில் கறையான் என்றாள். ஓடு ஒழுகுது என்றாள். சில நாள் விடியும்போது என் கால்மாட்டில் பாய் நனைந்திருக்கும். மழைச் சத்தம் கேட்கவில்லையே என்பேன். "நீ மருந்தைக் குடிச்சிட்டு நல்ல நித்திரை" என்பாள். வாவி பின்வளவுக் காணியைத் தின்றுகொண்டு வருகிறது என்றாள். ஒரு நாள் என்னை வெளியே கூட்டிப்போய், இப்படித் திருப்பி அப்படித் திருப்பி நடத்தி, என் கையைச் சுவரில் வைத்தாள். வெடிப்பு. என் இரண்டு விரல் உள்ளே போனது. "இது மேற்குச் சுவர்" என்றாள். அடுத்த கிழமை தெற்குச் சுவர். மறு கிழமை என் அறையின் வெளிச்சுவர். மூன்று இடத்திலும் விரல் உள்ளே போனது. அன்றிலிருந்து கூரை என் மேல் விழுமென்று பயந்து கட்டிலில் குறண்டிக்கொண்டு கிடந்தேன்.

"வித்துப்போடுவம்கா. சித்தாண்டியில வாடகைக்கு எடுத்து மூண்டு பேரும் இருப்பம்" என்றாள்.

அம்மா தந்த வீடு. எனக்கு மனம் வரவில்லை. தரகர் ஒருவரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்றேன். மேரி ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் என் அறைக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார். "அம்மா, இது வீடில்ல, இடிச்சு அள்ளுற சாமான். வாங்கிறவன் காணிக்குத்தான் வாங்குவான்." இன்னொருவரையும் கேட்போம் என்றேன். இரண்டாவது ஆள் வந்தார். அவரும் அதையே சொன்னார். முதலாமவர் சொன்ன வார்த்தைகளையே சொன்னார். அந்த இரண்டாவது ஆள் தரகரே இல்லை, பஸ் கண்டக்டர் என்று பிறகுதான் அறிந்தேன்.

இவ்வளவுக்கும் அவள் தினமும் பின்னேரம் எனக்கு வேதம் வாசிப்பாள். இதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. வீட்டை விட்டுப் புறப்படச் சொல்கிற பகுதிகளையே தேடித் தேடி வாசித்தாள். வாசித்து முடித்து, "பாத்தியா, ஆண்டவரே சொல்றார்" என்பாள். நான் ஆமென் சொல்வேன்.

வாங்க ஆள் இருக்கிறதென்றாள் மேரி. வீட்டை எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் போவதென்று முடிவானது. நான் பெருவிரல் வைத்தால் போதும் என்றாள். செவ்வாய்க்கிழமை நான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை பிடித்தேன். "ஆண்டவரே, கண்ணை எடுத்தீர், பிள்ளையும் தரவில்லை, இப்போது வீட்டையும் எடுக்கிறீர். ஒரே ஒரு நாளைக்குக் கண்ணைத் தாரும். விற்கிறதற்கு முன் என் வீட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான் கேட்டேன். விடிந்ததும் கண்ணைத் திறந்தேன். அதே இருட்டு. இனி இவரிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன்.

அந்தப் புதன்கிழமைதான் அவர் வந்தார்.

மேரியும் ஷாமினியும் சந்தைக்குப் போயிருந்தார்கள். வேலிப் படலையில் ஒரு குரல். "வீட்டுக்காரங்க இரிக்கிறீங்களா?" பேச்சிலேயே முஸ்லிம் ஆள் என்று தெரிந்தது. காத்தான்குடியிலிருந்து வருவதாகச் சொன்னார். காணி, வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிற தரகர். தையல் டீச்சர் வீடு விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு, வேறொரு ஆளுக்காகப் பார்க்க வந்தவர். நான் சுவரைப் பிடித்துப் பிடித்து முன்வாசலுக்குப் போனேன்.

"நானா, என்னத்தைப் பாக்கப் போறீங்க? இடியிற வீடு" என்றேன்.

அவர் கையிலிருந்த கம்பால் வாசல் நிலையை இரண்டு தரம் தட்டினார். பிறகு கேட்டார். "டீச்சர், ஆர் சொன்ன இடியிற வீடெண்டு?"

"எல்லாரும்தான். கூரை கறையான். சுவர் மூண்டு இடத்தில வெடிப்பு. வெள்ளிக்கிழமை விரல் வைக்கப் போறன்."

அவர் உள்ளே போனார். கதவுகளைத் திறக்கிற சத்தம், கம்பால் மரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். "கறையான் இல்ல, ஓடும் ஒழுகல்ல. பாலை மரம், இரும்பு மாதிரி இரிக்கி. வெடிப்பு ஒண்டு கண்டன், கிணத்துப் பக்கம். சாந்து பூசினாச் சரி."

"மூண்டு" என்றேன். "நான் கையால பாத்தன்."

"அப்ப வாங்க டீச்சர். கையாலயே பாப்பம்."

அவருடைய கம்பின் ஒரு முனையை என் இடது கையில் தந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். என் வலது உள்ளங்கை சுவரில். முன்வாசலில் தொடங்கினோம். தெற்குச் சுவர் முழுதும் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. மூலை திரும்பினோம். மேற்குச் சுவர். ஒன்றுமில்லை. என் அறையின் சுவர். ஒன்றுமில்லை. கிணற்றுப் பக்கம் வந்தபோது விரல் உள்ளே போனது. அதே ஆழம், அதே வளைவு. இருபத்தெட்டு வருடம் துணியில் தையலைத் தடவிப் பிழை பிடித்த விரல்கள் இவை. அது தெரிந்த வெடிப்பு. அங்கிருந்து முன்வாசல் வரைக்கும் தடவி முடித்தேன். வேறொன்றும் இல்லை.

ஒரே வெடிப்பை மூன்று தரம் எனக்குக் காட்டியிருக்கிறாள்.

பின்வளவுக்கும் கூட்டிப் போனார். எல்லைக் கல்லைத் தொட வைத்தார். அங்கிருந்து தண்ணீர்வரை நாற்பது காலடி நடந்தேன். வாவி எதையும் தின்னவில்லை.

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அவர் தள்ளி நின்றார். "டீச்சர், நான் விக்க வைக்கத்தான் வந்தன். வித்தாத்தான் எனக்குச் சோறு. ஆனா இதை வில்லுங்கெண்டு சொன்னா நாளைக்கு அல்லாஹ் என்னைக் கேப்பான். விரல் வைக்காதீங்க" என்றார். போய்விட்டார். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை.

மேரி வந்தபோது நான் கிணற்றுப் பக்கம் அந்த வெடிப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் அந்த நிமிடமே மன்னித்திருப்பேன்.

"ஓம், செய்தன்" என்றாள். "உனக்குப் பிள்ளையுமில்ல, கண்ணுமில்ல. உனக்கென்னத்துக்கு வீடு? வீடில்லாம என்ட பிள்ளைய ஆர் கலியாணம் முடிப்பான்? வித்த காசில அவளுக்கொரு வீடு எடுத்திருப்பன்."

"எனக்குப் பிறகு ஷாமினிக்குத்தானே மேரி. வேற ஆருக்கு?"

"நீ எப்ப சாகிற, அவள் எப்ப கலியாணம் முடிக்கிற?"

உரலை வழியில் வைத்ததும் நீதானா என்று கேட்டேன். அவள் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஷாமினி பக்கத்தில் நின்று அழுகிற சத்தம் கேட்டது. எனக்காக அழுதாளா, கலியாணத்துக்காக அழுதாளா தெரியாது. அன்று பின்னேரமே இருவரையும் போகச் சொன்னேன். போகும்போது மேரி சொன்னாள்: "முதியோர் இல்லத்தில உனக்கு இடமெல்லாம் பாத்து வச்சனான்." சித்தாண்டியில் மூன்று பேரும் இருப்போம் என்றதும் பொய்.

அன்பானவர்களே, நான் கண் கேட்டேன். அவர் கண் தரவில்லை. காத்தான்குடியிலிருந்து ஒரு தரகரை அனுப்பினார். எங்கள் சபைக்கு வராத, எங்கள் வேதத்தை வாசிக்காத ஒரு மனிதரை. வேதத்தை வாசித்த வாய் என்னை ஏமாற்றியது. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று போதகரிடம் கேட்டேன். அவரும் யோசிக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பார்த்தேன்.

வெடிப்புக்குச் சாந்து பூசியாயிற்று. முன்னறையில் தாதி வேலை படிக்கிற இரண்டு பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். நானே சமைக்கிறேன். தனியாக ஓட்டோவில் ஏறிச் சபைக்கு வருகிறேன். வழியில் ஏதும் கிடந்தால் காலால் தட்டிப் பார்த்துத் தாண்டுகிறேன். எட்டு மாதம் கட்டிலில் கிடந்தவளை நடக்க வைத்தவருக்கு நன்றி.

உங்களில் யாராவது பயத்தில் விரல் வைக்கப் போகிறீர்களா? உங்களுக்கு நெருங்கினவர் சொல்கிறார் என்பதற்காக அவசரப்படாதீர்கள். அழகாக ஜெபிக்கத் தெரியாவிட்டால் சண்டை பிடியுங்கள். அவர் கேட்கிறார். பிறகு படலையில் யார் வந்து நின்றாலும் எழும்பிப் போய்ப் பேசுங்கள்.

என் சாட்சி இன்னும் முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். போன ஞாயிறு மேரி வந்து படலையில் நின்றாள். ஷாமினிக்குக் கலியாண இடம் சரிவந்திருக்கிறதென்று பிறகு கேள்விப்பட்டேன். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். ஐந்தாறு தரம் கூப்பிட்டாள். நான் உள்ளே கதிரையில் இருந்தபடி, வீட்டில் ஆளில்லாதவள்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் போகிற செருப்புச் சத்தம் ஒழுங்கை முடிந்து தெருவுக்கு ஏறுமட்டும் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவருக்குப் பிரியமானதல்ல என்று தெரியும்.

எனக்காக ஜெபியுங்கள். அவள் திரும்பவும் வந்து கூப்பிட்டால் நான் "ஓம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.