வரிக்கு வரி காத்த இருக்கன்குடியாள்

2007-ஆம் வருஷம், தீபாவளிக்கு முந்தைய சீசனில், தாயில்பட்டியில் நான் வேலை பார்த்த பட்டாசு அறை வெடித்தது. என் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பன்னிரண்டாவது தேறியவள் நான். பேனா பிடித்த கை அது. ஆஸ்பத்திரியில் படுத்தபடி, "என்னை ஏன் மிச்சம் வைத்தாய்?" என்று இருக்கன்குடி மாரியம்மனிடம் சண்டை போட்டேன்.

மறு வருஷம் விருதுநகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைக்கும் வகுப்பு. மூன்றாம் மாதம் தேர்வு வைத்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் அடிக்க வேண்டும். முடியாவிட்டால் கூடை பின்னும் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். பழகும்போது இடது கையால் என்னால் முக்கால் பக்கம்தான் முடிந்தது.

"வரிக்கு வரி சேவ் பண்ணிக்கிட்டிருந்தா எப்ப முடிப்ப தாயி?" என்பார் சார்.

என்னால் அதை விட முடியவில்லை. பட்டாசு அறையில், செய்த சரக்கைப் பக்கத்தில் சேரவிடாமல் அவ்வப்போது வெளியே எடுத்துவிட வேண்டும். அன்று ஆர்டர் அவசரத்தில் சேரவிட்டோம். கை போனது. அதிலிருந்து எது சேர்ந்தாலும் எனக்குப் பயம், அடித்த வரியானாலும்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில், அம்மா, நோவு கண்ட உறுப்புக்குச் செலுத்தும் உருவத் தகடுகளில் வலது கைத் தகடு வாங்கிச் செலுத்தினாள்.

"ஆத்தாகிட்ட என்ன கேட்ட?"

"வேகம் கேட்டேம்மா. நிறைய வேகம்."

"கொஞ்சமாக் கேளு. அம்புட்டுப் பேரு வரிசையில நிக்காக."

தேர்வில் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தபோது கரண்ட் போனது. திரைகள் எல்லாம் கறுத்தன. ஆத்தாளும் கைவிட்டாள் என்றே நினைத்தேன். கரண்ட் வந்ததும் கோப்பைத் திறந்தேன். ஒரு வரி குறையவில்லை. மற்ற யாருடைய பக்கமும் இல்லை.

சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருக்கும் மறுபடி அரை மணி நேரம். சேவ் பண்ணுனவுக விட்ட இடத்திலிருந்து அடிக்கலாம்."

அந்த நேரத்தில் பக்கத்தை முடித்து, அதே வகுப்பில் தங்கினேன். நான் வேகம் கேட்டேன். அவள் நேரம் கொடுத்தாள். கை போன அன்றைக்கே இதற்கு வழி செய்திருந்தாளா? நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

இன்று சிவகாசி அச்சகமொன்றில் லேபிள் வடிவமைக்கிறேன். போன ஆடியில் இருக்கன்குடிக்குப் போய் இடது கைத் தகடு கேட்டேன்.

"இந்தக் கைக்கு என்ன தாயி செய்யுது?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் செய்யலண்ணே. இதுதான் சோறு போடுது."

நீங்களும் அவளிடம் கேளுங்கள். எந்தக் கைக்குக் கொடுப்பாள் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.